போத்தலுக்குள் முதுமையடையும் மருந்து

மேலைநாடுகளில் இன்று 'சீ.பீ.டி. எண்ணெய்' என்ற பெயரில் சிறு போத்தல்கள் பரவலாக விற்பனையாகின்றன. கஞ்சாச் செடியினத்திலிருந்து பிரித்தெடுக்கப்படும், ஆனால் போதை தராத கன்னாபிடியோல் என்ற பொருளை ஏதேனும் ஓர் எண்ணெயிற் கரைத்துத் தயாரிப்பதே இது. இதனை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், எங்கே வைப்பது என்று புலம்பெயர்ந்த நண்பர்கள் சிலர் என்னிடம் வினவியதுண்டு. நான் வைத்தியன் அல்லன், பத்திரிகைக்காரன். ஆகவே விடையை வரலாற்றிலே தேடினேன். இச்சிறு கேள்வி ஏறத்தாழ 180 ஆண்டுகள் பழமையானது என்பதும், அதற்கு உரிய காலத்தில் விடை கிடைக்காமையும் ஒரு மருந்து கைவிடப்பட்டதற்கான காரணங்களுள் ஒன்று என்பதும் அப்போது புலனாயின.

கதை கல்கத்தாவில் ஆரம்பமாகிறது. அயர்லாந்தின் லிமெரிக் நகரிற் பிறந்த வில்லியம் புறூக் ஓஷோனசி 1833 இல் கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியராக வங்காளம் வந்தார். பின்னாளில் இந்தியாவெங்கும் தந்திக் கம்பிகளை நிறுவியவரும் இவரே என்பதால், செய்தித்தொழிலில் இருந்தவர்கள் இவரை மறத்தல் ஆகாது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியிற் பேராசிரியராக இருந்த அவர், உள்ளூர் வைத்தியர்கள் கையாண்ட கஞ்சாவை முதலில் விலங்குகளிலும் பின்னர் நோயாளரிலும் பரிசோதித்து, 1839 இல் தம் ஆய்வை வெளியிட்டார். பிறந்து நாற்பது நாளேயான பெண்குழந்தை ஒன்றுக்கு ஏற்பட்ட கடும் வலிப்பை இம்மருந்து தணித்தமையை அவர் விரிவாகப் பதிவு செய்துள்ளார்.

1842 இல் ஓஷோனசி இங்கிலாந்து சென்றபோது கஞ்சாவையும் உடன் கொண்டு சென்றார். இலண்டன் மருந்தாளர் பீற்றர் ஸ்குவயர் அதிலிருந்து சாறு தயாரித்தார். 1850 இல் ஐக்கிய அமெரிக்காவின் மருந்துநூலிலும், 1864 இல் பிரித்தானியாவின் முதலாவது மருந்துநூலிலும் கஞ்சா இடம்பெற்றது. இடர்ப்பாடும் அத்துடன் வளர்ந்தது. இந்தியாவில் அறுவடையான சரக்கு மாதக்கணக்கிற் கப்பலிலும், பின்னர் களஞ்சியத்திலும், இறுதியில் மருந்துக்கடை அலுமாரியிலும் கிடந்தது. ஒரு போத்தல் நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்தியது. அதே அளவில் வேறொரு போத்தல் எதுவுமே செய்யவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இம்மருந்தைக் கையாண்ட இலண்டன் வைத்தியர் ரஸ்ஸல் றெனோல்ட்ஸ், 1890 இல் எழுதிய கட்டுரையில் அதன் பயனைப் போற்றினார். அதேவேளை வீரியம் மாறுபடுவதால் மிகச் சிறிய அளவில் ஆரம்பிக்குமாறும் எச்சரித்தார்.

இதன் காரணத்தை அறிய முயன்ற கேம்பிறிட்ஜ் இரசாயனவியலாளர் மூவர், வூட், ஸ்பிவே, ஈஸ்ரர்பீல்ட் என்போர், 1896 இல் சரஸ் பிசினிலிருந்து செந்நிற எண்ணெய் ஒன்றைப் பிரித்து அதற்குக் 'கன்னாபினோல்' எனப் பெயரிட்டனர். கஞ்சாவின் வீரியத்துக்கு மூலம் இதுவே என அவர்கள் நம்பினர். ஆனால் அவ்வெண்ணெய் ஒரு கலவை. அதிலிருந்து பின்னர் தூய்மையாகப் பெறப்பட்ட கன்னாபினோல், போதைதரும் மூலப்பொருள் காற்றுப்பட்டு நாட்பட்டுச் சிதையும்போது உண்டாவது என்று இன்று அறிகிறோம். மரத்தைத் தேடியவர்களின் கையில் சருகு அகப்பட்டது போன்றதே இது.

மூலப்பொருள் எதுவென்று தெரியாதபோது அதனை அளக்க வழியில்லை. அளக்க முடியாதபோது அது கெட்டுவிட்டதா என்றும் அறிய இயலாது. நம்பகமான புதிய மருந்துகளின் வருகையும், போதைப்பொருட் சட்டங்களின் இறுக்கமும் இத்துடன் சேர்ந்துகொண்டன. பிரித்தானிய மருந்துநூல் 1932 இலும், அமெரிக்க மருந்துநூல் 1942 இலும் கஞ்சாவை நீக்கின.

விந்தை என்னவெனில், நீக்கம் நிகழ்ந்த அதே காலப்பகுதியிலே விடையும் கிடைக்கத் தொடங்கியமையாகும். 1940 இல் அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் றொஜர் அடம்ஸ் கன்னாபிடியோலைப் பிரித்தெடுத்தார். 1963 இல் இஸ்ரேலில் றபாயல் மெக்கூலம் அதன் சரியான கட்டமைப்பை வெளியிட்டார். மறு ஆண்டு போதைதரும் பொருளின் கட்டமைப்பும் தெளிவாயிற்று. 1976 இல் இலண்டன் மருந்தியற் கல்லூரியின் பெயார்பெர்ன் குழுவினர் சேமிப்புப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். கஞ்சாப் பொருள்களைச் சிதைப்பதில் முதலிடம் வெளிச்சத்துக்கே என்றும், கரைசல்களில் அச்சேதம் மிகுதி என்றும், அடுத்த பகை காற்றிலுள்ள ஒட்சிசன் என்றும் அவர்கள் காட்டினர். இருளில், சாதாரண அறை வெப்பத்தில் ஒழுங்காக வைத்தால் ஓரிரு ஆண்டுகள் பெரும்பாலும் கெடாது என்பதும் அவர்களின் முடிவு. விக்ரோறியா காலத்து மருந்துக்கடைக்காரர் போத்தலை இருட்டறையில் இறுக மூடி வைத்திருந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்திருக்கும்.

ஓஷோனசி தம் ஆய்வை வெளியிட்டு 179 ஆண்டுகளின் பின்னர், 2018 யூன் மாதத்தில், குழந்தைகளைத் தாக்கும் இரு கொடிய வலிப்பு நோய்களுக்குக் கன்னாபிடியோல் மருந்தான 'எப்பிடியோலெக்ஸ்' ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதில் மருந்தைச் சுமக்கும் எண்ணெய் எது தெரியுமா? நமது நல்லெண்ணெய்தான். எள்ளில் இயல்பாகவே உள்ள சில பொருள்கள் அது விரைவில் ஊசிப்போகாது காக்கின்றன. மண்ணிறக் கண்ணாடிப் போத்தல், 20 முதல் 25 பாகை செல்சியஸ், நிமிர்த்தி வைத்தல், உறையவிடாமை, மூடியைத் திறந்த நாளிலிருந்து 12 வாரங்களுக்குள் முடித்தல், எஞ்சியதை எறிதல் என்பன அதற்குரிய விதிகள்.

சந்தையில் விற்கும் ஏனைய எண்ணெய்களுக்கு இத்தகைய உறுதி இல்லை. 2017 இல் அமெரிக்காவில் இணையவழி விற்கப்பட்ட 84 பொருள்களைச் சோதித்தபோது, 26 இல் மாத்திரமே சுட்டியிற் குறித்த அளவு சரியாக இருந்தது. வாங்குவோர் திகதியையும் ஆய்வுகூடச் சான்றையும் பார்த்தல் வேண்டும். யன்னலோரமும் அடுப்பங்கரையும் போத்தலுக்கு ஆகா. பாதி தீர்ந்த போத்தலில் காற்றின் இடம் கூடுவதால் அதனை நெடுநாள் வைத்திருத்தலும் தகாது. ஊசல் மணம் வீசினால் விலையை எண்ணாது கொட்டிவிடுக. வலிப்பு நோயாளரோ பிற மருந்து உட்கொள்பவரோ வைத்தியரைக் கேளாமல் இதனைத் தொடுதல் கூடாது. தத்தம் நாட்டுச் சட்டத்தையும் அறிந்துகொள்க.

கல்கத்தாக் குழந்தைக்கும் 2018 இல் மருந்து பெற்ற குழந்தைகளுக்கும் இடையே எத்தனையோ தலைமுறைக் குழந்தைகள் வலிப்பினால் வாடினர். அவர்களுள் எத்தனை பேரை இம்மருந்து காத்திருக்கும் என்று எவராலும் கணக்கிட முடியாது. ஆனால் ஒரு மருந்தின் குணத்தை ஆராய்வோர், அது போத்தலில் எவ்வாறு மூப்படைகிறது என்பதையும் சேர்த்து ஆராயவேண்டும் என்பதை இவ்வரலாறு ஐயத்துக்கிடமின்றி உணர்த்துகிறது.