கோவல் இடைகழியும் வேனிற்கால மனையும்

நடுநாட்டுப் பேரூர்களுள் திருக்கோவலூர் பழமையாற் சிறந்தது. இக்காலத்தில் திருக்கோவிலூர் என வழங்கும் இவ்வூர் பெண்ணையாற்றின் தென்கரையில் அமைந்து, மலையமான் திருமுடிக்காரியின் தலைநகராய் விளங்கியது. தென்னார்க்காட்டு மாவட்டத்திலும் பின்னர் விழுப்புரம் மாவட்டத்திலும் அடங்கியிருந்து, 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சார்ந்துள்ளது. இவ்வூரைப் பற்றி எழுதிய அறிஞர்கள் காரியின் கொடையையும், கபிலர் வரலாற்றையும், வீரட்டானத்துக் கல்வெட்டுகளையும், முதலாழ்வார் மூவரின் கூட்டத்தையும் விரித்துரைத்துள்ளனர். யாம் ஈண்டு ஆராயப் புகுவது அவற்றினும் சிறியதொரு பொருள். ஆழ்வார் மூவரும் ஒதுங்கி நின்றதாகக் கூறப்படும் இடைகழி என்னும் மனையுறுப்பு, வேனில் வெம்மையைத் தாங்குதற்குத் தமிழர் கண்ட வழிகளுள் தலையாயது என்பதே எம் கருத்து.

முதற்கண் இவ்வூரின் வேனில் இயல்பை நோக்குவோம். திருக்கோவலூர் கடற்கரையினின்று உள்ளடங்கிய ஊர். கரையோர ஊர்களைக் கடற்காற்று நண்பகலை ஒட்டியே தணிவிக்கும். உள்நாட்டு ஊர்களுக்கு அது பொழுது சாய்ந்த பின்னரே வலிகுன்றி வந்து சேரும். சித்திரை, வைகாசித் திங்கள்களில் நிலத்தின் மேலாக வரும் காற்று வறண்டு வெம்மையுற்றிருக்கும். கத்திரி வெயில் நாள்களில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுதல் இப்பகுதிக்குப் புதிதன்று. பெண்ணையும் அக்காலத்தில் பெரும்பாலும் மணற்பரப்பாகவே கிடக்கும். மணலைத் தோண்டி ஊற்றுநீர் கொள்வது ஆற்றங்கரை மக்களின் வழக்கம்.

இத்தகைய வெம்மையை நம் இலக்கியம் எவ்வாறு கண்டது? தொல்காப்பியர் பாலைத் திணைக்கு வேனிலையும் நண்பகலையும் பொழுதாக வகுத்தார். வெயிலால் வளமிழந்த முல்லையும் குறிஞ்சியுமே பாலையாகும் என்பது சிலப்பதிகாரக் காடுகாண் காதை தரும் விளக்கம். இவ்விரண்டையும் இணைத்து நோக்கின், வெம்மை ஒரு நிலத்திற்கு மட்டும் உரியதன்று, எந்நிலத்தையும் பற்றக்கூடிய ஒரு நிலை என்பது போதரும். எனினும், பாலைப் பாட்டுகள் வெயிலைப் பெரும்பாலும் வழியிடையே வைத்துக் காட்டுகின்றன. வெயிலில் நடப்பவன் தலைவன். மனையில் இருப்பவள் தலைவி. அம்மனை எவ்வளவு வெம்மையுற்றது என்பதை அவை மிகுதியும் பேசுவதில்லை. பிரிவுத்துயரே அவற்றின் பொருளாதலின், அது குறையாகாது. ஆயினும், மனை வரலாறு எழுதப் புகுவோர் வேறு சான்றுகளைத் தேடுதல் வேண்டும்.

கோவலூர் மனைகளின் அமைப்பை விரித்துரைக்கும் சங்கப்பாட்டு இல்லாமையின், மதுரையைச் சார்ந்த நெடுநல்வாடையை ஈண்டுத் துணைக்கொள்கிறோம். அது கூதிர்க்காலத்தைப் பாடுவது. குளிர் மிகுந்தமையால் பயன்படாது கிடந்த பொருள்களை நக்கீரர் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். சந்தனம் அரைக்கும் கல் வாளா கிடக்கிறது. வட்ட விசிறி சிலந்திநூல் சுற்றித் தொங்குகிறது. மேல்மாடத்து வேனிற் பள்ளியில் தென்றல் வரும் சாளரம் அடைபட்டுள்ளது. குறுகிய வாயையுடைய கன்னலின் தண்ணீரை எவரும் பருகவில்லை. இவை அனைத்தையும் மாற்றி நோக்கினால் வேனிற்கால மனையின் கருவிகள் முழுமையாகக் கிடைக்கின்றன. வேனிற் பள்ளி, கூதிர்ப் பள்ளி என்னும் இரண்டனையும் சிலப்பதிகாரமும் கூறுகின்றது. ஆகவே, செல்வர் மனைகளில் பருவத்திற்கேற்ப உறையிடத்தை மாற்றிக்கொள்ளும் முறை இருந்தது என்பது தெளிவு. ஒரே அறையைக் குளிர்விக்க முயலாமல், குளிர்ந்த இடத்திற்கு மனிதர் பெயர்ந்தனர் என்பது ஈண்டு உளங்கொளத் தக்கது.

இனி இடைகழிக்கு வருவோம். பொய்கையாழ்வார் தம் முதல் திருவந்தாதியில், திருமாலும் திருமகளும் வாயிலைவிட்டு வெளியேறாமலும் மனையின் உட்பகுதிக்குள் செல்லாமலும் கோவலூர் இடைகழியிலேயே தங்கினர் என்னும் கருத்தமைந்த பாட்டொன்றைப் பாடியுள்ளார். பொய்கையாரின் காலத்தை 6 அல்லது 7ஆம் நூற்றாண்டு என்பர் பலர். ஒருவர் படுக்கவும், இருவர் இருக்கவும், மூவர் நிற்கவும் போதுமான இடம் என்று அவ்விடைகழியின் அளவைக் குருபரம்பரை நூல்கள் கூறும். வேதாந்த தேசிகர் (1268-1369) இவ்வூர் இறைவனைத் தேகளீசன், அதாவது இடைகழிக்கு இறைவன், என்றே வடமொழியில் துதித்தார். இச்சான்றுகளைச் சமயவரலாற்றுக்கு அறிஞர் பயன்படுத்தியுள்ளனர். மனைவரலாற்றுக்கும் இவை பயன்படும். இடைகழி என்பது புறவாயிலுக்கும் உள்வாயிலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வழி; அது உள்ளும் அன்று, புறமும் அன்று என்னும் இலக்கணம் பொய்கையார் பாட்டிலேயே அமைந்துவிட்டது. பேச்சுவழக்கில் ரேழி என நிற்பதும் இச்சொல்லின் திரிபே.

ஆழ்வார் வரலாற்றில் இடைகழி மழைக்கு ஒதுங்கும் இடமாகின்றது. வேனிலில் அதன் பணி யாது? பழைய மனையின் வரிசை, திண்ணை, இடைகழி, முற்றத்தைச் சூழ்ந்த தாழ்வாரமும் கூடமும், அடுக்களை, கொல்லை என்பது. தெருவாயிலில் நின்று நோக்கினால் கொல்லைவாயில் தெரியுமாறு நிலைகளை ஒரே நேர்கோட்டில் வைப்பர். முற்றம் இரவில் தெளிந்த வானை நோக்கி வெப்பத்தை விட்டுக் குளிரும். குளிர்ந்த காற்றுக் கனத்தால் கீழே தங்கும். நண்பகலில் வெளிக்காற்று உட்காற்றினும் வெம்மை மிக்கது. அப்போது புறவாயிலையும் உள்வாயிலையும் சார்த்தினால் இடைப்பட்ட இடைகழி ஒரு காப்பாகி, தெருவின் அனல் கூடத்தை எட்டாமல் தடுக்கும். பொழுது சாய்ந்து வெளிக்காற்றுத் தணிந்தபின் இரண்டையும் திறந்தால், அகன்ற தெருவினின்று ஒடுங்கிய வழியிற் புகும் காற்று விரைவு மிகுந்து உள்ளே பாயும். மூடினால் காப்பு, திறந்தால் காற்றுவழி என இருவகையாகப் பயன்பட்டமையே இவ்வுறுப்பின் சிறப்பு. வாயிலில் நீர் தெளிப்பதும், மட்பாண்டத்தில் நீர் வைப்பதும் இதனோடு சேர்ந்தவை. வறண்ட காற்றில் நீர் விரைந்து ஆவியாகுமாதலின், கடற்கரையினும் உள்நாட்டில் இவை மிக்க பயன் தரும்.

தடித்த மண்சுவர் பகல் வெப்பத்தை உடனே உள்ளே விடாது. பல நாழிகை தாழ்த்தே விடும். ஆதலால் இரவில் உள்ளறை புழுங்கும். அப்போது மக்கள் திண்ணைக்கும் முற்றத்திற்கும் பாயை எடுத்துச் செல்வர். நண்பகலில் இடைகழிக்கோ கூடத்திற்கோ மீள்வர். அரசர் பருவந்தோறும் செய்த இடமாற்றத்தை இவர்கள் நாள்தோறும் செய்தனர் எனலாம்.

இம்முறையைப் போற்றுமிடத்து அதன் குறைகளை மறைத்தல் ஆகாது. இடைகழி உடையோர் ஊரில் ஒரு பகுதியினரே. அது வெம்மையைத் தடுத்தது போலவே மனிதரையும் தடுத்தது. இன்னார் திண்ணை வரை வரலாம், இன்னார் இடைகழி வரை வரலாம் என்னும் சாதிக் கட்டுப்பாட்டிற்கும் அதுவே எல்லையாயிற்று. முன்பின் அறியாத மூவர் நெருங்கி நிற்க, நான்காமவராக இறைவனும் வந்து சேர்ந்தார் என்னும் கோவலூர் வரலாறு இக்கட்டுப்பாட்டிற்கு நேர்மாறானது. அடுக்களையின் வெம்மையையும் இவ்வமைப்பு முற்றும் போக்கவில்லை. அதனைத் தாங்கியவர் பெண்டிர்.

உழைக்கும் மக்களின் மனை வேறு வகையது. மண்சுவரும், பனையோலை அல்லது கரும்புத்தோகை வேய்ந்த தாழ்ந்த கூரையும், வாயிலில் ஒரு வேம்போ புங்கமோ ஆகியவையே அதன் காப்பு. கூரை தடித்திருந்தமையால் வெயில் உள்ளே இறங்கவில்லை. ஆனால் அதே கூரையை வேனிலில் தீயும், ஐப்பசி, கார்த்திகையில் மழையும் அழித்தன. ஆகவே குடிசை நீங்கிக் கற்காரைத் தளமிட்ட வீடு வேண்டும் என மக்கள் விரும்பியது முற்றிலும் நியாயமே. 2010இல் தொடங்கிய கலைஞர் வீட்டு வசதித் திட்டமும், 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டமும், 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லமும் அவ்விருப்பத்தை நிறைவேற்ற எழுந்தவை.

தீயும் மழையும் பற்றிய அச்சம் இவ்வீடுகளில் தீர்ந்தது, வெம்மை தீரவில்லை. மெல்லிய கற்காரைத் தளம் பகலெல்லாம் வெயிலைப் பருகி, மாலைமுதல் அதனைக் கீழே உள்ளவர்மேல் விடுகின்றது. சிறிய வீட்டில் பெயர்ந்து செல்ல வேறிடம் இல்லை. மின்விசிறி அவ்வெங்காற்றையே சுழற்றுகின்றது. குளிர்ப்பெட்டி வாங்க இயன்றவர் தம் அறையைக் குளிர்விக்க, அதன் வெப்பம் தெருவில் விடப்படுகின்றது. இயலாதவருள் முதியோரும் குழந்தைகளும், நாள் முழுதும் வீட்டில் உழைக்கும் பெண்டிரும் மிகுதியும் துன்புறுகின்றனர். வெப்ப அலையைத் தமிழ்நாட்டரசு 2024இல் மாநிலப் பேரிடராக அறிவித்தது. மனையின் வெம்மை உயிரைப் பற்றிய செய்தி என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இடைகழி வீட்டையே மீண்டும் கட்டுக என்பது எம் முடிபன்று. அதன் நெறியைக் கொள்க என்பதே எம் வேண்டுகோள். வாயில்களை நேர்கோட்டில் வைத்தல், தெருவாயிலுக்கும் அறைக்கும் இடையே சிறிதளவேனும் நிழலிடம் விடுதல், தளத்தின்மேல் வெண்சுண்ணம் பூசுதல் அல்லது கீற்றுப் பந்தல் இடுதல், கொல்லைப்புறத்தில் ஒரு மரமேனும் வளர்த்தல் ஆகியவை சிறிய வீட்டிற்கும் இயல்வன.

தமிழ் பயில்வோர்க்கு உரிய கடன் ஒன்று உண்டு. மனையுறுப்பு மறையும்போது அதன் பெயரும் மறைகின்றது. பெயர் மறைந்தபின் பழம்பாட்டின் பொருளும் மங்குகின்றது. இடைகழியில் நின்றறியாத மாணவர்க்குப் பொய்கையார் பாட்டின் நுட்பத்தை உரையாசிரியர் எத்துணை விளக்கினும் முழுதும் விளங்குதல் அரிது. கோவலூரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் எஞ்சியுள்ள பழைய மனைகளை அளந்து, அவற்றின் உறுப்புப் பெயர்களையும், அவற்றுள் வேனிலைக் கழித்த முதியோர் சொற்களையும் தொகுத்து வைத்தல் வேண்டும். அப்பணி இலக்கியத்திற்கு உரையாகவும், இனி வீடு கட்டுவோர்க்கு உதவியாகவும் அமையும்.