பெருமந்தமும் மலாயாத் தோட்டத் தமிழ்க் குடும்பங்களும், 1929–1938

1929ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ச் சந்தையில் இராத்தலுக்குச் சராசரியாக 34 காசளவில் விற்ற ரப்பர், 1932இல் 7 காசுக்கு இறங்கியது. அமெரிக்க மோட்டார்த் தொழிலின் சரிவே இதற்கு முதற்காரணம். இவ்வீழ்ச்சியை ஆராய்ந்தோர் பெரிதும் நிறுவனங்களின் இலாப நட்டத்தையும் 1934ஆம் ஆண்டின் பன்னாட்டு ரப்பர்க் கட்டுப்பாட்டையுமே பேசினர். நட்டத்தைச் சுமந்தோர் யார் என்பதை அறியத் தோட்ட லயங்களையும், அங்கிருந்தோரின் சொந்த ஊர்களான திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர் மாவட்டச் சிற்றூர்களையும் ஒருசேர நோக்க வேண்டும்.

தோட்டத்தில் ஒருவர் கூலியால் அடுப்பெரிந்ததில்லை. ஆண் பால்வெட்டினான், பெண் பால்வெட்டுடன் களையும் எடுத்தாள், பிள்ளைகளும் உழைத்தனர். அரிசி, துணி முதலிய தேவைகளைக் கணக்கிட்டே ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலியாக விதிக்கப்பட்டிருந்தன. 1930இல் இவை 40 காசாகவும் 32 காசாகவும் குறைந்தன. பின்னர் மேலும் இறங்கின. அரிசி விலையும் வீழ்ந்ததால் கூலிக்குறைப்பு நியாயமே என்பது தோட்ட முதலாளிகளின் வாதம். கூலி விகிதத்தை மட்டும் கொண்டு பார்த்தால் அது பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் முதலில் நிறுத்தப்பட்டவை களையெடுப்பு போன்ற பணிகளே. ஆதலின் குடும்பம் இழந்தது கூலியில் ஐந்திலொரு பங்கை மட்டுமன்று. உழைக்கும் கைகளுக்குரிய வேலைநாள்களையும் இழந்தது.

1930 ஆகஸ்டில் உதவிபெற்ற குடியேற்றம் நிறுத்தப்பட்டது. வேலையிழந்தோர் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பலேற்றப்பட்டனர். 1930க்கும் 1932க்கும் இடையில் அவ்வாறு திருப்பியனுப்பப்பட்டோர் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர். ஆள் வரவழைப்பதற்கென முதலாளிகளிடம் வரி திரட்டி 1907இல் அமைத்த இந்தியக் குடியேற்ற நிதியே அவர்களின் பயணச் செலவை ஏற்றது. குழப்பமின்றி நடந்தேறிய ஏற்பாடாக இது அந்நாளில் கருதப்பட்டது. அந்த அமைதியை நிருவாகத் திறனாகக் கொள்வது பிழை. வேலையற்றோரைக் காக்கும் பொறுப்பு மலாயாவிலிருந்து தமிழகச் சிற்றூருக்கு மாற்றப்பட்டது. சிற்றூரின் இசைவை எவரும் கேட்கவில்லை.

அச்சிற்றூரும் அப்போது அதே மந்தத்தின் பிடியில்தான் இருந்தது. நெல்விலை சரிந்தது; கடன் கொடுப்போர் கையை இறுக்கினர்; நிலவரியோ பணமாகவே கேட்கப்பட்டது. கடல்கடந்து வந்த சிறுதொகை நின்றுபோன வீட்டில் அதை அனுப்பியவரே உண்பவராக வந்து சேர்ந்தார். 1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நியமத்தைக் கைவிட்டபின், தோலா 21 ரூபாயை ஒட்டியிருந்த தங்கம் 30 ரூபாயை நோக்கி உயர்ந்தது. இந்தியாவிலிருந்து பெருமளவில் தங்கம் ஏற்றுமதியாயிற்று. விலையேற்றத்தில் இலாபம் பார்த்தோரும் உண்டு. ஆயினும் உழவர் வீடுகளில் தாலிக்கொடியும் தோடும் நெருக்கடியில் கைமாறின என்பதே அன்று எழுந்த பரவலான முறையீடு. பெண்ணின் கழுத்திலிருந்த சேமிப்பு இலண்டனின் நாணய நெருக்கடியைத் தணிக்கப் பயன்பட்டது.

1934இல் விலை தேறியதும் ஆள் எடுப்பு மீண்டும் தொடங்கியது. வி.எஸ். சீனிவாச சாஸ்திரி மலாயா சென்று 1937இல் அளித்த அறிக்கையை ஒட்டியே 50, 40 காசுக் கூலி திரும்பியது. அடுத்த ஆண்டே ரப்பர் விலை தளர, முதலாளிகள் மறுபடி கூலியைக் குறைத்தனர். இம்முறை இந்திய அரசு வேறுவிதமாக விடையிறுத்தது: 1938 ஜூனில் உதவிபெற்ற தொழிலாளர் மலாயா செல்வதற்குத் தடை விதித்தது.