டிஎன்ஏ நொதிகள்

வேதிவினையைத் தூண்டி விரைவுபடுத்தும் ஒற்றையிழை டிஎன்ஏ மூலக்கூறுக்கு டிஎன்ஏ நொதி என்று பெயர். டிஎன்ஏசைம் என்றும் சொல்வதுண்டு. எந்த உயிரினத்திலும் இது இயற்கையாக இருப்பதாகத் தெரியவந்ததில்லை. இன்று அறியப்பட்டுள்ளவை எல்லாமே ஆய்வகத்தில் தேடி எடுக்கப்பட்டவை. செல்லுக்குள் டிஎன்ஏ பெரும்பாலும் இரட்டைச் சுருளாகப் பிணைந்திருப்பதால், வேறு வடிவம் எடுக்க அதற்கு இடமில்லை. ஒற்றை இழையாக விட்டால் தன்மேல் தானே மடிந்து, நொதிக்கு வேண்டிய குழிவுகளை உருவாக்கிக்கொள்கிறது.

ஆர்என்ஏவும் வினையூக்கியாகச் செயல்படும் என்பதை 1980களில் தாமஸ் செக்கும் சிட்னி ஆல்ட்மனும் காட்டினார்கள். 1989இல் வேதியியல் நோபல் பரிசு அதற்காகவே அவர்களுக்குக் கிடைத்தது. ஆனால் ஆர்என்ஏவின் சர்க்கரையில் உள்ள ஒரு ஹைட்ராக்சில் தொகுதி டிஎன்ஏவில் இல்லை. அது இல்லாமல் வினையூக்கம் சாத்தியமா என்ற ஐயம் இருந்தது. 1994இல் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் ரொனால்டு பிரேக்கரும் ஜெரால்டு ஜாய்ஸும் அந்த ஐயத்தைத் தீர்த்தார்கள்.

அவர்கள் கையாண்ட முறை எளிமையானது. நடுவில் 50 நியூக்கிளியோடைடுகள் தாறுமாறான வரிசையில் அமைந்த, ஏறத்தாழ கோடிக் கோடி டிஎன்ஏ இழைகளைத் தயாரித்தார்கள். ஒவ்வொன்றின் முனையிலும் பயோட்டினைச் சேர்த்து, அதை விடாமல் பற்றிக்கொள்ளும் ஸ்ட்ரெப்டாவிடின் பூசிய தம்பத்தில் ஒட்டவைத்தார்கள். இழையில் ஓரிடத்தில் மட்டும் ஓர் ஆர்என்ஏ அலகு இருந்தது. காரீய அயனி கலந்த கரைசலை ஊற்றியபோது, அந்த இடத்தில் தன்னைத் தானே வெட்டிக்கொள்ளத் தெரிந்த இழைகள் மட்டும் விடுபட்டு வெளியே வந்தன. அவற்றை பிசிஆர் முறையில் பெருக்கி மறுபடியும் தம்பத்தில் ஏற்றினார்கள். ஐந்து சுற்றுகளில் முதல் டிஎன்ஏ நொதி கிடைத்துவிட்டது.

1997இல் ஸ்டீபன் சான்டோரோவும் ஜாய்ஸும் 10-23, 8-17 என்ற இரண்டைக் கண்டெடுத்தார்கள். பத்தாம் சுற்றில் கிடைத்த 23ஆம் குளோன், எட்டாம் சுற்றில் கிடைத்த 17ஆம் குளோன் என்பதைத் தவிர இந்த எண்களுக்கு வேறு பொருள் இல்லை. 10-23இன் வினையூக்க மையம் 15 நியூக்கிளியோடைடுகள்தான். அதன் இருபுறமும் உள்ள கைகள், வெட்டவேண்டிய ஆர்என்ஏவோடு இணைசேரும். கைகளின் வரிசையை மாற்றினால் வேறொரு ஆர்என்ஏவை வெட்டவைக்கலாம். மருத்துவ ஆர்வத்துக்கு வித்திட்டது இந்த வசதியே. ஆர்என்ஏவை வெட்டுவது ஒன்றுதான் இவற்றின் வேலை என்பதில்லை. டிஎன்ஏ துண்டுகளை ஒட்டுபவையும், ஹீமினோடு சேர்ந்து பெராக்சிடேசு நொதியைப் போல நிறம் உண்டாக்குபவையும் உண்டு.

இந்த நொதிகளில் பெரும்பாலானவை உலோக அயனி இல்லாமல் இயங்குவதில்லை. உணரிகளில் பலமாக அமைந்த இந்தப் பண்பே மருந்தாக்கும் முயற்சியில் தடையாகிவிட்டது.

உணரித் துறையில் முன்னோடி, அப்போது இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இருந்த யி லூ. அவரது குழு 2000ஆம் ஆண்டில் உருவாக்கிய காரீய உணரியில், வெட்டப்படும் இழையின் முனையில் ஒளிர்சாயமும், அதன் ஒளியை அடக்கும் மூலக்கூறு அருகிலும் இருக்கும். காரீயம் வந்ததும் இழை அறுந்து சாயம் விலகிப்போகிறது, கரைசல் ஒளிர்கிறது. 2003இல் தங்க நுண்துகள்களைக் கொண்டு கண்ணாலேயே பார்க்கும்படி செய்தார்கள். இழைகளால் கட்டுண்டு திரண்டிருக்கும்போது துகள்கள் நீலமாகத் தெரியும், காரீயம் கட்டை அறுத்தால் சிவப்பாகும். 2011இல் இதைவிடச் சாமர்த்தியமான வழி ஒன்று வந்தது. யுரேனியம் இருந்தால் இழை அறுந்து, அதில் கோத்திருந்த இன்வர்டேசு நொதி விடுபடும். அது சுக்ரோசை குளுக்கோசாக மாற்றும். மீதி வேலையை மருந்துக்கடையில் விற்கும் சர்க்கரை அளவி செய்துவிடும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் யிங்ஃபு லீ, ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களை உணரும் டிஎன்ஏ நொதிகளை உருவாக்கியுள்ளார்.

சிகிச்சையில் கதை இவ்வளவு சுமுகமாக இல்லை. நோய்க்குக் காரணமான புரதத்தின் தூது ஆர்என்ஏவை வெட்டிவிடுவதே நோக்கம். இதை மரபணு சிகிச்சை என்கிறார்கள். கறாராகச் சொன்னால் மரபணு மாறுவதில்லை, அதன் வாய்தான் அடைக்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் சி-ஜன் மரபணுவைக் குறிவைத்த டிஇசட்13, தோல் புற்றுநோய் உள்ள ஒன்பது பேருக்குச் செலுத்தப்பட்டது. 2013இல் வெளியான முடிவு அது பாதுகாப்பானது என்றது. ஜெர்மனியில் காட்டா-3 மரபணுவைக் குறிவைத்த எஸ்பி010 மருந்தை ஒவ்வாமை ஆஸ்துமா உள்ளவர்கள் 28 நாள் மூச்சோடு உள்ளிழுத்தார்கள். ஒவ்வாப்பொருளுக்குப் பல மணி நேரம் கழித்து ஏற்படும் மூச்சிறுக்கம் அவர்களிடம் 34 சதவீதம் குறைந்தது. வெற்று மருந்து பெற்றவர்களிடம் அது 1 சதவீதம் கூடியது. 2015இல் வெளியான இந்த முடிவு துறைக்குப் பெரும் தெம்பளித்தது.

ஆனாலும் மருந்தாக அனுமதி பெற்ற டிஎன்ஏ நொதி எதுவும் இல்லை. 10-23 நன்றாக வேலை செய்ய வேண்டிய அளவு மெக்னீசியம் செல்லுக்குள் தனி அயனியாகக் கிடைப்பதில்லை; அங்குள்ளது ஒரு மில்லிமோலார் அளவோ அதற்கும் குறைவோதான். செல்லில் தெரியும் விளைவில் பெரும்பங்கு வெட்டுவதால் வருவதல்ல, டிஎன்ஏ ஒட்டிய ஆர்என்ஏவை செல்லின் சொந்த நொதியான ஆர்என்ஏஸ் எச் சிதைப்பதால் வருவது என்று வாதிடுவோர் உண்டு. அந்த வாதம் புறந்தள்ளக்கூடியதல்ல. இரத்தத்திலுள்ள நொதிகள் டிஎன்ஏவைச் சீக்கிரம் கடித்துத் தீர்ப்பது இன்னொரு தொல்லை. முனையில் ஒரு தைமிடினைத் தலைகீழாகப் பொருத்தி இதைச் சமாளிக்கிறார்கள். 2021இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் ஜான் சாபுட்டும் ராபர்ட் ஸ்பிட்டேலும் தலைமை தாங்கிய குழு, 10-23இன் சில அலகுகளில் செயற்கைச் சர்க்கரைகளைப் பொருத்தி, செல்லில் உள்ள மெக்னீசிய அளவிலேயே வெட்டக்கூடிய வடிவத்தை வெளியிட்டது.