ஒரு ரிங், இரண்டு ரிங்

தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கியதும் என் கணவர் ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணுவார். நான் உலை வைப்பேன். இரண்டு ரிங் என்றால் செம்பாக்கம் வழியாகப் போகும் பஸ் கிடைக்கவில்லை, மகன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். ஃப்ரிட்ஜ் மேல் இருந்த நோக்கியா 1100 அடித்தால் வீட்டில் யாரும் எடுக்க மாட்டோம். எண்ணுவோம்.

2003 மே மாதம் செல்போனுக்கு வரும் அழைப்புகள் இலவசமாயின. அழைப்பவருக்கும் எடுத்துப் பேசினால்தான் காசு, மணி அடிப்பதற்கு இல்லை. இந்த இடைவெளியில் ஜனங்கள் தாங்களாகவே உருவாக்கிய மொழிதான் மிஸ்டு கால். கீரைக்கார அம்மாவும் தெருமுனைக்கு வந்ததும் ஒரு ரிங் விடுவார்.

பெங்களூரில் 2010-ல் தொடங்கிய ஜிப்டயல் நிறுவனம் இதையே தொழிலாக்கியது. 2015-ல் ட்விட்டர் அதை வாங்கியது. 2014-ல் இஸ்ரேலியரான ஓர் ஆர்பெல் உருவாக்கிய 'யோ' செயலி அந்த ஒரே சொல்லை மட்டும் அனுப்பியது. உலகமே அதைப் பேசியது, சீக்கிரமே மறந்தது. எங்களுக்கு அந்த ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை. அதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்தது. பேசுவதற்குத் தனிக் காசு இல்லை என்றானது. வாட்ஸ்அப்பும் கைக்கு வந்தது. இப்போது என் கணவர் கிண்டியிலிருந்தே வீடியோ காலில் வருகிறார். ஆனாலும் எங்காவது ஒரு ரிங் அடித்து நின்றால், என் கை அரிசிப் படியைத் தேடுகிறது.