சாசனம், ஷாஷின், ஸாத்ஸனா

மங்கோலிய மொழியில் மதத்துக்கு ‘ஷாஷின்’ என்று பெயர். தாய்லாந்து மொழியில் ‘ஸாத்ஸனா’. ரெண்டுமே சமஸ்கிருதத்தின் ‘சாஸன’ என்ற சொல்லிலிருந்து வந்தவை. நம்மிடம் அதே சொல் கல்வெட்டு, செப்பேடு, நிலப்பத்திரம் என்ற பக்கமாகப் போய் ‘சாசனம்’ ஆனது. அங்கே புத்தரின் போதனை என்ற பொருளில் போய் மதம் ஆகிவிட்டது.

கிழமைகளைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. மங்கோலியாவின் பழைய கிழமைப் பெயர்கள் ஆதியா, சுமியா, அங்காரக், புத், பர்ஹஸ்பதி, சுகர், சன்சிர். தாய்லாந்தில் ஆதித், சான், அங்கான், புத், பருஹத்ஸபோதி, ஸுக், ஸாவ். ஆதித்தன், அங்காரகன், புதன், பிரகஸ்பதி, சுக்கிரன் எல்லாம் நம் பஞ்சாங்கத்து ஆட்கள்தான். மங்கோலியர்கள் இன்று அன்றாடப் பேச்சில் ‘முதல் நாள், இரண்டாம் நாள்’ என்று எண்ணித்தான் கிழமை சொல்கிறார்கள். ஆனால் செவ்வாய்க் கிரகம் இன்னும் அங்காரக்தான், வியாழன் பர்ஹஸ்பதிதான்.

இதை வைத்து மங்கோலியமும் தாய்லாந்து மொழியும் உறவு என்று யாராவது கிளம்பினால் நம்ப வேண்டாம். ரெண்டும் வேறு வேறு குடும்பம். இந்தச் சொற்கள் பௌத்தத்தின் மேல் ஏறி வந்தவை. ஒரு வண்டி மத்திய ஆசியா வழியாக, சோக்தியர், உய்குர்கள், திபெத்தியர் கையில் ஏறி வடக்கே போனது. இன்னொன்று கடல்வழியாக வந்து, மோன், கெமர் மக்களைத் தாண்டி, தாய்லாந்துக்குள் நுழைந்தது. மங்கோலியத்தில் புத்தகத்துக்கு ‘நோம்’ என்று பெயர். அது கிரேக்கத்தின் ‘நோமோஸ்’, அதாவது சட்டம். சோக்தியர்கள் அதை ‘தர்மம்’ என்பதற்குப் பயன்படுத்த, அப்படியே புல்வெளிக்குப் போய்ச் சேர்ந்தது.

இலக்கணத்தில் இவை எதிரெதிர்த் துருவங்கள். மங்கோலியம் நம்மைப்போல ஒட்டுநிலை மொழி. ‘கெர்’ என்றால் வீடு. ‘கெர்த்’ வீட்டில், ‘கெரீன்’ வீட்டின், ‘கெரேஸ்’ வீட்டிலிருந்து. வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காரும். தமிழில் யோசிக்கிறவனுக்கு மங்கோலிய வாக்கிய வரிசை அந்நியமாகவே இருக்காது. கூடுதலாக அதில் உயிரொலி இசைவு உண்டு. சொல்லில் எந்த வகை உயிர் இருக்கிறதோ, ஒட்டும் விகுதியின் உயிரும் அதற்கேற்ப மாறும். ‘இருந்து’ என்ற ஒரே விகுதிக்கு நான்கு உருவங்கள்.

தாய்லாந்து மொழியில் விகுதியும் கிடையாது, வேற்றுமை உருபும் கிடையாது. சொற்கள் தனித்தனியாக நிற்கும், வரிசைதான் அர்த்தம். அதற்குப் பதிலாக ஐந்து தொனிகள். ‘மா’ என்று சமமாகச் சொன்னால் ‘வா’. உயர்த்திச் சொன்னால் குதிரை. தாழ்ந்து எழும்பினால் நாய். ஒரே ‘மா’தான்!

ஆக இலக்கணத்தில் நமக்குப் பக்கத்தில் இருப்பது மங்கோலியம். எழுத்தில் பக்கத்தில் இருப்பது தாய்லாந்து. தாய்லாந்து எழுத்து கெமர் எழுத்திலிருந்து வந்தது, கெமர் எழுத்து தென்னிந்தியாவின் பல்லவ எழுத்திலிருந்து. இது கடலில் தானாக மிதந்து போகவில்லை. தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவாபாவில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அவனிநாரணம் என்ற குளத்தையும், மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவையும் அது குறிப்பிடுகிறது.

மங்கோலிய எழுத்தின் கதை போரில் தொடங்குகிறது. 1204இல் செங்கிஸ்கான் நைமன்களை வென்றபோது, தாதா தோங்கா என்ற உய்குர் அதிகாரி அரச முத்திரையோடு பிடிபட்டார். முத்திரை எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்ட கான், தன் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தர அவரையே வைத்துக்கொண்டார் என்கிறது சீனத்தின் ‘யுவான் வரலாறு’. அந்த உய்குர் எழுத்து சோக்திய எழுத்திலிருந்தும், சோக்திய எழுத்து மேற்காசியாவின் அரமேய எழுத்திலிருந்தும் வந்தது. வலமிருந்து இடமாக ஓடிய எழுத்து வழியில் தொண்ணூறு பாகை திரும்பி, மேலிருந்து கீழே இறங்க ஆரம்பித்தது.

நடுவில் ஒரு திருப்பம். 1269இல் குப்ளாய் கான், திபெத்தியத் துறவி பக்பா வடிவமைத்த சதுர எழுத்தை அரசு எழுத்தாக அறிவித்தார். அது திபெத் வழியாக வந்த பிராமிக் குடும்பம். அதே குப்ளாய் உயிரோடு இருந்த காலத்தில்தான், 1292 என்று தேதி கணிக்கப்படும் ராம்காம்ஹெங் கல்வெட்டில் தாய்லாந்து எழுத்து தலைகாட்டுகிறது. அந்தக் கல்வெட்டு உண்மையானதா, பத்தொன்பதாம் நூற்றாண்டில் செய்ததா என்ற சண்டை அறிஞர்களிடம் நடந்தது தனிக்கதை. உண்மையானது என்று கொண்டால், சில பத்தாண்டுகள் மங்கோலியமும் தாய்லாந்து மொழியும் ஒரே பிராமி மரத்தின் இரு கிளைகளில் உட்கார்ந்திருந்தன. 1368இல் யுவான் அரசு விழுந்தது, பக்பா எழுத்தும் வழக்கொழிந்தது. செங்குத்து எழுத்துதான் தங்கியது.

மென்பொருள்காரனாக எனக்கு இந்த ரெண்டு எழுத்தின் மேலும் தனி மரியாதை உண்டு, கொஞ்சம் பயமும்தான். தாய்லாந்து மொழியில் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடுவதில்லை. ஒரே எழுத்து வரிசையை ‘தா க்லோம்’ என்று பிரித்தால் வட்டக் கண். ‘தாக் லோம்’ என்று பிரித்தால் காற்று வாங்குவது. வரியை எங்கே மடிப்பது என்பதற்கே கணினிக்கு ஓர் அகராதி வேண்டும். ‘கெ’ என்று தமிழில் தட்டினால் யூனிகோடில் மெய் முதலில், கொம்பு பிறகு. தாய்லாந்து மொழியில் கண்ணில் படுகிற வரிசைப்படி கொம்புதான் முதலில் சேமிக்கப்படும். அகரவரிசைப்படுத்த அதைத் திருப்பிப்போட வேண்டும். மங்கோலிய எழுத்து 1999இல் யூனிகோடில் ஏறியது. அதில் ‘ஒ’வும் ‘உ’வும் ஒரே உருவம், ‘த’வும் ‘ட’வும் பல இடங்களில் ஒரே உருவம். ஆனால் குறியீடு ஒலிக்குத் தக்கபடி வேறு வேறு. திரையில் அச்சு அசலாக ஒன்றுபோல் தெரியும் சொல்லைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் உள்ளே எண்கள் வேறு.

இப்படிப்பட்ட எழுத்தை எளிமையாக்கினால் என்ன என்ற கேள்வி கணினிக்கு முன்பே வந்துவிட்டது. ரெண்டு நாட்டிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்.

மங்கோலியாவில் 1941 பிப்ரவரியில் லத்தீன் எழுத்துக்கு மாற முடிவெடுத்தார்கள். மார்ச்சிலேயே அதைத் தூக்கிப்போட்டு சிரிலிக் என்றார்கள். சோவியத் குடியரசுகள் லத்தீனிலிருந்து சிரிலிக்குக்கு நகர்த்தப்பட்ட காலம் அது. மாஸ்கோவின் காற்று எப்படி அடித்தது என்று விளக்க வேண்டியதில்லை. 1946லிருந்து சிரிலிக் முழுமையாக அமலுக்கு வந்தது.

தாய்லாந்தில் 1942இல் பிரதமர் பிபுன்சோங்க்ராம் 44 மெய்களில் 13ஐ நீக்கினார். அந்த எழுத்தில் ‘ஸ’ ஒலிக்கு மூன்று வடிவங்கள் உண்டு. சமஸ்கிருதத்தின் மூன்று வேறு ஒலிகளுக்காக வைத்தவை, இன்று உச்சரிப்பு ஒன்றுதான். அதில் ரெண்டு போனது. ‘ஸாத்ஸனா’வின் முதல் எழுத்தும் அப்படிப் போனவற்றில் ஒன்று. 1944இல் பிபுன் பதவியிழந்தார், சீர்திருத்தமும் ரத்தானது. 1948இல் அவரே திரும்ப ஆட்சிக்கு வந்தும் பழைய எழுத்துக்கூட்டல்தான் தொடர்ந்தது.

ஆகவே தாய்லாந்துக்காரர்கள் இன்றும் ‘சந்திரன்’ என்பதை முழுசாக எழுதி, வாசிக்காத எழுத்தின் தலையில் ஒரு மௌனக்குறி போட்டு, ‘சான்’ என்று படிக்கிறார்கள். மங்கோலியச் செங்குத்து எழுத்தும் அப்படித்தான். சிரிலிக்கில் ‘உலான்’ என்பது பழைய எழுத்தில் ‘உலகான்’ போல நிற்கும். ‘பாதர்’ என்பது ‘பகாதூர்’ போல. நாவிலிருந்து மறைந்த ஒலி தாளில் இருக்கிறது.

சிரிலிக் கற்க எளிது என்பது உண்மை. மங்கோலியாவில் எழுத்தறிவு சிரிலிக் காலத்தில்தான் பரவியது. ஆனால் 44 மெய்களையும் வைத்துக்கொண்டு தாய்லாந்தும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் படிக்க வைத்துவிட்டது. பள்ளிக்கூடமும் வாத்தியாரும் செய்த வேலையை எழுத்தின் கணக்கில் எழுதிவிட்டோமோ என்று எனக்குத் தோன்றும்.

மங்கோலிய அரசு இப்போது திரும்பிப் பார்க்கிறது. 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி 2025 ஜனவரியிலிருந்து அரசு ஆவணங்கள் இரு எழுத்திலும் வர வேண்டும். சிரிலிக்கில் வளர்ந்த தலைமுறைக்கு அது தாத்தாவின் பெட்டியைச் சாவியில்லாமல் திறக்கிற வேலை.

செங்குத்து எழுத்து நிற்காமல் புழங்கிவந்த இடம் எல்லைக்கு அந்தப் பக்கம், சீனாவின் உள் மங்கோலியா. அங்கே 2020இல், மங்கோலிய வழிப் பள்ளிகளில் மொழி, வரலாறு, அரசியல் ஆகிய பாடங்களைச் சீன மொழிக்கு மாற்ற உத்தரவு வந்தது. பெற்றோர்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் எதிர்த்தார்கள், உத்தரவு நிற்கவில்லை. மொழி உறுதியாக இருக்கும் பக்கத்தில் எழுத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். எழுத்து தப்பிப் பிழைத்த பக்கத்தில் அதைக் கற்றுத்தரும் மணிநேரங்கள் குறைந்துகொண்டிருக்கின்றன.