இராமானுஜனின் அட்டவணையில் இடம்பெறாத எண்: 293318625600

சீனிவாச இராமானுஜனின் ‘உயர் பகு எண்கள்’ என்னும் நெடிய கட்டுரை 1915ஆம் ஆண்டு இலண்டன் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் அவருக்கு அளித்த ஆய்வுவழிப் பட்டத்திற்கு இக்கட்டுரையே அடிப்படை. தன்னினும் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்கு மிகுதியான வகுத்திகளை உடையது உயர் பகு எண். 12க்கு ஆறு வகுத்திகள் உள்ளன. அதற்குக் கீழுள்ள எவ்வெண்ணுக்கும் நான்குக்கு மேல் இல்லை. இத்தகைய எண்களைக் கட்டுரையின் அட்டவணை 6746328388800 வரை நிரல்படுத்துகிறது. ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே அதன் வகுத்திகளின் எண்ணிக்கையும், அவ்வெண்ணிக்கைக்கு எத்தனை வகுத்திகள் என்பதும் தரப்பட்டுள்ளன. இந்நிரலில் 293318625600 இல்லை.

இவ்வெண்ணின் பகாக் காரணி வடிவம் 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19. உயர் பகு எண்ணில் பகா எண்கள் இடைவிடாது தொடரும், அடுக்குகள் ஏறுவதில்லை, 4, 36 ஆகிய இரண்டைத் தவிர, இறுதிப் பகா எண்ணின் அடுக்கு ஒன்றே. இராமானுஜன் நிறுவிய இவ்வியல்புகள் அனைத்தும் இதற்குப் பொருந்துகின்றன. அடுக்குகள் ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் வகுத்திகள் 5040 எனக் கிடைக்கின்றன. 5040க்கு உள்ள வகுத்திகள் 60. அட்டவணையிலோ 4800 வகுத்திகளைக் கொண்ட 240940299600ஐ அடுத்து, 5376 வகுத்திகளைக் கொண்ட 321253732800 வந்துவிடுகிறது.

இவ்விரு அண்டை எண்களின் அமைப்பு கவனிக்கத்தக்கது. இரண்டிலும் 7 ஒருமுறையே வருகிறது. இரண்டும் 23 வரை நீள்கின்றன. விடுபட்ட எண் 19இலேயே நின்று, 7ஐ இருமுறை கொள்கிறது. மேலும், 321253732800 ‘மேம்பட்ட உயர் பகு எண்’ என இராமானுஜன் வகுத்த தனி வகையைச் சார்ந்தது. அவ்வகை எண்களின் அடுக்குகளை நேரடியாகத் தரும் விதி அவரிடம் இருந்தது. ஏனையவற்றுக்கு அத்தகைய விதி இல்லை; அடுத்தடுத்த உயர் பகு எண்களைக் காண முயன்று பார்ப்பதன்றி வேறு வழி அறியேன் என்ற கருத்தை அட்டவணைக்கு முன் அவரே பதிவுசெய்கிறார்.

இக்குறிப்புக்குத் தமிழில் எழுதப்பட்ட இராமானுஜன் வரலாறுகள் போதிய இடம் தந்ததில்லை. நாமகிரித் தாயாரின் அருளும் கனவும் பேசப்படும் அளவுக்கு, பன்னிரண்டு, பதின்மூன்று இலக்க எண்களைக் கையால் பெருக்கி ஒப்பிட்ட உழைப்பு பேசப்படுவதில்லை. கனவில் கண்ட பட்டியலில் ஒரு வரி ஏன் விடுபட வேண்டும்? இவ்விடுபடலால் அவர் நிறுவிய தேற்றம் எதுவும் பாதிக்கப்படவில்லை. அது தேடிக் கணித்தவரின் கைத்தடம். போர்க்காலத்தில் கழகத்தின் பொருள் நெருக்கடியால் கட்டுரையின் பிற்பகுதியும் அச்சேறாது நின்றது. அப்பகுதி 1988இல் ‘தொலைந்த குறிப்பேட்டுடன்’ வெளிவந்து, 1997இல் நிக்கோலா, ரோபன் ஆகியோரின் விளக்கக் குறிப்புகளைப் பெற்றது.

விடுபட்ட எண்ணை மீட்க அட்டவணைக்கு வெளியே செல்லவும் வேண்டுவதில்லை. இறுதி வரியிலுள்ள 6746328388800ஐ 23ஆல் வகுத்தால் 293318625600 கிடைக்கிறது. புதிய பகா எண் ஒன்று ஒருமுறை சேரும்போது வகுத்திகள் இருமடங்காகும் என்பதால், அவ்வரியில் அவற்றின் எண்ணிக்கை 10080 என நிற்கிறது.