மூன்றாவது கம்பி
சுவர் தெர்மோஸ்டாட்டின் வரலாறு வெப்பத்தை அளந்த வரலாறு மட்டுமன்று; மின்சாரம் தேடிய வரலாறும்கூட. 1883-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பேராசிரியர் வாரன் ஜான்சன் காப்புரிமை பெற்ற கருவி, வகுப்பறைக் குளிரை உலை அறைப் பணியாளருக்கு மணியடித்துச் சொன்னது. 1953-இல் ஹனிவெல் நிறுவனம் கொண்டுவந்த வட்டக் கருவிக்கோ தனக்கென மின்சாரமே வேண்டியதில்லை: ஈருலோகச் சுருள் அசையும், கண்ணாடிக் குமிழ் சாயும், உள்ளே பாதரசத் துளி உருண்டு இரண்டு கம்பிகளை இணைத்து உலையை இயக்கும். எத்தனை அழகான எளிமை! அதனால்தான் பல பழைய வீட்டுச் சுவர்களில் இரண்டே கம்பிகள்.

ஆனால் பின்னர் வந்த, நேரத்துக்கேற்ப வெப்பத்தை மாற்றும் மின்னணுக் கருவியின் கடிகாரம் ஓயாமல் ஓட வேண்டும். 24 வோல்ட் மின்சாரம் இடைவிடாமல் கிடைக்க மூன்றாவதாக ‘சி’ என்னும் பொதுக் கம்பி தேவைப்பட்டது. பேட்டரி போதாதா என்று கேட்கலாம். தீரும்வரை போதும்; உறைபனி இரவில் தீர்ந்தால் உலை எரியாது, தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கக்கூடும்.